சத்திரசிகிச்சைக்கூடத் தாதியர் பயிற்சி (வன்னி)

பதிவுபெற்ற தாதியரைச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு உதவப் பழக்கும் பயிற்சி. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இத்தாதியரை ஆசுபத்திரிக்கு வருவோர் ‘தியேட்டர் மிஸ்ஸி’ என்பர். கை கழுவி, தொற்றுநீக்கிய அங்கி உடுத்து, கருவிகளை எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். மேசையைத் தொடாமல் நின்று நூலும் பஞ்சுத்துணியும் கொண்டுவந்து கணக்கு எழுதுபவர் மற்றவர். காயத்தை விரித்துப் பிடிப்பது, இரத்தத்தை ஒற்றி எடுப்பது, தையல் நூலை வெட்டுவது எல்லாம் வழக்கமாக உதவி மருத்துவரின் வேலை. மருத்துவர் போதாத இடத்தில் அது தாதியின் கைக்கு வந்துவிடும். வன்னியில் இப்பயிற்சியின் கதை பெரும்பாலும் அப்படிக் கைக்கு வந்த வேலையின் கதைதான். அமெரிக்காவில் 1980களிலேயே சத்திரசிகிச்சைக்கூடத் தாதியர் சங்கம் இந்த உதவி வேலையைத் தனிப் பொறுப்பாக ஏற்று வரையறுத்தது. அங்கே அதற்குத் தனிப் படிப்பும் சான்றிதழும் உண்டு.

வட இலங்கையில் இதன் வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். தமிழகம் ‘அறுவை’ என்பதை ஈழம் இன்றும் ‘சத்திரம்’ என்கிறது. சத்திரம் என்றால் அறுக்கும் கத்தி. கிறீனின் மாணவர்கள் ஆண்கள். பெண்களைத் தாதியராகப் பழக்கும் வேலை இணுவில் மக்லியொட் ஆசுபத்திரி போன்ற மிஷன் நிலையங்களில் வளர்ந்தது. தாதியர் பதிவு நெடுங்காலம் 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடந்தது. தாதியர் பேரவைக்கான தனிச் சட்டம் 1988இல்தான் வந்தது.

அந்தச் சட்டம் வந்தபோது வன்னி ஏற்கெனவே போருக்குள் இருந்தது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து பெருந்தொகை மக்கள் வன்னிக்கு வந்தார்கள். 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்ததும் அதன் ஆசுபத்திரி அக்கராயனில் இயங்கியது. மல்லாவியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வெளிநாட்டு நிபுணர்கள் சத்திரசிகிச்சை செய்தார்கள். அவர்கள் சில மாதங்களில் மாறிப் போவார்கள். தியேட்டரில் நிலைத்து நின்றவர்கள் உள்ளூர் ஊழியர்களே. எந்தக் கருவி எந்தத் தட்டில், வந்தவர் எந்த நூலைக் கேட்பார், எதை மறுபடி அவித்துப் பயன்படுத்தலாம் என்ற அறிவு அவர்களிடம் சேர்ந்தது. எந்தப் பாடத்திட்டத்திலும் அது எழுதப்படவில்லை. விடுதலைப் புலிகளின் மருத்துவப் பிரிவும் தனக்கென ஆட்களைப் பழக்கியது. அரசுப் பதிவேட்டில் அவர்கள் இல்லாததால் இக்கட்டுரையின் தலைப்புக்குள் அவர்கள் அடங்கமாட்டார்கள். ஆனாலும் அவர்களை விட்டுவிட்டு எழுதினால் வரலாறு பாதிதான்.

உலக சுகாதார அமைப்பு சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது 2008 ஜூனில். நோயாளி யார், எந்தப் பக்கம், பஞ்சுத்துணிக் கணக்குச் சரியா என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லும் பட்டியல் அது. அதே ஆண்டு செப்டெம்பரில் பெரும்பாலான உதவி நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறின. அதன்பின் தியேட்டர் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் எறிகணை விழுந்து புதுக்குடியிருப்பு ஆசுபத்திரி கைவிடப்பட்டது; பிறகு புதுமாத்தளன் பள்ளிக்கூடம், முள்ளிவாய்க்கால். மயக்கமருந்துக்கும் குருதிக்கும் இருந்த தட்டுப்பாட்டை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிந்திருக்கிறது. அங்கே தாதியர் கற்றதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போருக்குப் பிந்திய பாதை வழமையானது. வவுனியாத் தாதியர் பயிற்சிக் கல்லூரியின் மூன்றாண்டுப் படிப்பு ஒரு வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுத் தாதியியல் இளமாணி இன்னொரு வழி. இரண்டிலும் தியேட்டர் பல பிரிவுகளில் ஒன்று மட்டுமே. மிச்சத்தை நியமனம் கிடைத்த இடத்தில் மூத்த மிஸ்ஸியிடம்தான் பழகவேண்டும். மூன்று மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. 2024இல் கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியோடு மகளிர் மருத்துவ நிலையமும் திறக்கப்பட்டது. கட்டடம் எழும்பிய வேகத்தில் தியேட்டர் தாதி உருவாவதில்லை. பழகிய ஒருவர் இடமாற்றம் வாங்கிப் போனால், வருகிறவர் கை கழுவுவதிலிருந்தும் பஞ்சுத்துணி எண்ணுவதிலிருந்தும் தொடங்குகிறார்.