நர்ஸம்மா பார்த்தால் போதுமா?

காய்ச்சல் என்றால் நமக்கு டாக்டர்தான் பார்க்க வேண்டும். நர்ஸம்மா மருந்து எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் தயங்குவோம். 50 வருடத்துக்கு முன்பு கனடாக்காரர்களுக்கும் இதே தயக்கம் இருந்தது. அவர்கள் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

ஹாமில்டன் நகரத்தில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருக்கிறது. "பெரியவர் சொன்னார் என்பதற்காக வைத்தியம் செய்யாதே, ஆதாரம் என்னவென்று பார்" என்கிற பாடம் வேரூன்றிய இடம். 1967இல் டேவிட் சாக்கெட் அங்கே அதற்கென்று ஒரு துறையையே தொடங்கினார். அப்போது அவருக்கு 32 வயதுதான்!

பக்கத்து ஊர் பர்லிங்டனில் இரண்டு குடும்ப டாக்டர்கள் சேர்ந்து ஒரு கிளினிக் நடத்தினார்கள். அங்கிருந்த இரண்டு நர்ஸ்களுக்கு மெக்மாஸ்டரில் மேற்பயிற்சி கொடுத்தார்கள். பிறகு 1971 ஜூலையிலிருந்து ஒரு வருடம் சோதனை. 1,598 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்து, இரண்டு பங்கை டாக்டர்களிடமும் ஒரு பங்கை நர்ஸ்களிடமும் விட்டார்கள். யாரும் ஆள் பார்த்துப் பிரிக்கவில்லை. சோதனையின் பலமே அதில்தான் இருக்கிறது.

1974இல் முடிவு அச்சானது. நர்ஸ்களிடம் போனவர்களின் உடல்நிலையும் மனநிலையும் மற்றவர்களுக்குக் குறையவில்லை. 100 பேர் வந்தால் 67 பேரை டாக்டரைக் கேட்காமலே அவர்கள் பார்த்து அனுப்பியிருந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் காசு குறுக்கே வந்தது. நர்ஸ் தனியாகப் பார்த்த வேலைக்குப் பணம் கேட்க அன்றைய விதிகளில் இடமில்லை, கிளினிக்குக்கு நஷ்டம். 1983இல் அந்தப் பயிற்சி வகுப்பே நின்றுபோனது. எங்கே போனாலும் இந்தக் கதைதான்!

அதே மெக்மாஸ்டரில் ஆல்பா டிசென்சோ என்ற நர்ஸ் பேராசிரியர் விடவில்லை. ஆதாரம் தேடும் வித்தையை நர்ஸ்களின் கையிலேயே கொடுத்தார். காலில் ஆறாத புண் என்றால், "எந்தக் கட்டு, யாருக்கு, எதைவிட நல்லது?" என்று முதலில் கேள்வியைத் தீட்ட வேண்டும். பிறகு ஆய்வுகளைத் தேட வேண்டும். ஆட்களைக் குலுக்கிப் பிரித்தார்களா, பாதியில் போனவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்று துருவ வேண்டும். கடைசியாக, அது என் நோயாளிக்குப் பொருந்துமா என்று யோசிக்க வேண்டும். நைட் டியூட்டி முடித்து வருகிறவருக்கு நேரம் ஏது? அதனால் 1998இல் சக பேராசிரியர்களோடு ஒரு பத்திரிகை தொடங்கி, நல்ல ஆய்வுகளைச் சுருக்கிக் கொடுத்தார்.

அதே 1998இல்தான் ஒன்டாரியோ மாகாணத்தில் மேற்பயிற்சி பெற்ற நர்ஸ்களுக்குச் சில மருந்துகள் எழுதச் சட்டம் இடம் கொடுத்தது. பர்லிங்டன் முடிவு வெளியாகி 24 வருடம் ஆகியிருந்தது.