மின்தடை என்றால் கரன்ட் கட் மட்டும்தானா?

'நாளை மின்தடை' என்று செய்தி வந்தால், கரன்ட் இருக்காது என்று அர்த்தம். இயற்பியல் பாடத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு. இதன் அலகு ஓம். 1827-ல் ஓம் விதியை வெளியிட்ட ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓமின் பெயர் அது.

இந்த இரண்டாவது மின்தடை உங்கள் பாத்ரூமிலும் இருக்கு. 230 வோல்ட்டில் 2,000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். பிளக் லூஸாகி அங்கே அரை ஓம் கூடினாலே, அந்த ஒரே புள்ளியில் சுமார் 36 வாட் வெப்பம் கிளம்பும். சால்டரிங் அயர்ன்கூட 25 வாட்டில் கிடைக்குது!

கரன்ட் அளவு கூடாததால் எம்சிபியும் ட்ரிப் ஆகாது. பிளக் பக்கம் கருகின வாடை வருதா? உடனே ஆஃப் பண்ணிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.