எஸ்.எம்.என். புரதமும் தண்டுவடத் தசைச்சிதைவு நோயும்: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

தண்டுவடத் தசைச்சிதைவு நோய் என்பது, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் கை, கால், கழுத்து, மார்புத் தசைகள் வலுவிழக்கும் மரபணு நோயாகும். எஸ்.எம்.ஏ. என்ற சுருக்கப் பெயராலும் இது வழங்கப்படுகிறது. உலக அளவில் ஏறத்தாழ 10,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்நோய் காணப்படுகிறது. எஸ்.எம்.என். என்னும் புரதம் போதிய அளவு உருவாகாமையே இதற்குக் காரணம். அழிந்த நரம்பணுக்கள் மீண்டும் தோன்றுவதில்லை. ஆகவே, சிகிச்சை எவ்வளவு முன்னதாகத் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு பயன் கிடைக்கும்.

புரதத்தின் பணி

ஒவ்வோர் உயிரணுவும் தனக்குத் தேவையான புரதங்களை மரபணுவில் உள்ள குறிப்பின்படி உருவாக்குகிறது. அக்குறிப்பு முதலில் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்படுகிறது. அதில் இடையிடையே உள்ள தேவையற்ற பகுதிகளை வெட்டி நீக்கி, எஞ்சியவற்றை வரிசையாக இணைத்த பின்னரே புரதம் உருவாகும். காலணித் தொழிற்சாலையில் தோலை அளவாக வெட்டி, கழிவை ஒதுக்கி, துண்டுகளைத் தைத்துச் சேர்ப்பதைப் போன்றது இது. எஸ்.எம்.என். புரதம் நேரடியாக வெட்டுவதோ தைப்பதோ இல்லை. அப்பணியைச் செய்யும் பொறியின் உறுப்புகளைப் பூட்டித் தருகிறது. எல்லா உயிரணுக்களுக்கும் இப்புரதம் தேவை. எனினும், இதன் குறைவால் மிகுதியாகப் பாதிக்கப்படுபவை தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்களே.

நோய் தோன்றும் விதம்

இப்புரதத்தை உருவாக்கும் முதன்மை மரபணு எஸ்.எம்.என்.1 ஆகும். நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இம்மரபணுவின் இரு படிகளிலும் ஒரே பகுதி இல்லாதிருக்கும். எஸ்.எம்.என்.2 என்னும் மாற்று மரபணுவும் உடலில் உண்டு. ஆனால், அதில் ஓர் எழுத்து மாறியிருப்பதால், 7 ஆவது பகுதி பெரும்பாலும் தவறாக வெட்டி நீக்கப்படுகிறது. முழுமையான புரதம் சிறிதளவே கிடைக்கிறது. எஸ்.எம்.என்.2 படிகள் மிகுதியாக உள்ளவர்களுக்கு நோயின் கடுமை பொதுவாகக் குறைவாக இருக்கும்.

அறிகுறிகள்

• 3 முதல் 4 மாதம் கடந்தும் தலை நிற்காமை. உடல் துவண்டு கிடத்தல்
• பால் உறிஞ்சத் திணறுதல், மெல்லிய அழுகுரல், அடிக்கடி சளி
• மூச்சு விடும்போது மார்பு உள்வாங்கி வயிறு மட்டும் எழுதல்
• நாக்கில் சிறு துடிப்பு, விரல்களில் நடுக்கம்
• உட்கார, நிற்க, நடக்கத் தாமதம். நடந்த குழந்தை அடிக்கடி விழுதல்

முதல் வகை நோய் 6 மாதத்திற்குள்ளும், இரண்டாம் வகை 6 முதல் 18 மாதத்திற்குள்ளும், மூன்றாம் வகை அதன் பின்னரும் வெளிப்படும். அறிவுத்திறன் பாதிக்கப்படுவதில்லை. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதாலேயே, "சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும்" எனக் காத்திருக்கும் நிலை ஏற்படுகிறது. சிகிச்சை பெறாத முதல் வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைக் கடப்பதில்லை. எனவே காத்திருத்தல் கூடாது.

எங்கு அணுகுவது?

வாலாஜாபேட்டை மற்றும் சுற்றுப்புறத்தினர் முதலில் வாலாஜாபேட்டை அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவை அணுகலாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடமும் குழந்தையைக் காட்டலாம். மேல்பரிசோதனைக்கு அடுக்கம்பாறை அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ பரிந்துரை பெறலாம். இரத்த மாதிரியில் செய்யப்படும் மரபணுப் பரிசோதனையே நோயை உறுதி செய்யும். தசைத் துண்டு எடுத்துச் சோதிக்கும் தேவை பெரும்பாலும் இல்லை.

சிகிச்சை

நுசினெர்சென் என்னும் மருந்து தண்டுவட நீரில் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. ரிஸ்டிப்லாம் நாள்தோறும் வாய்வழி தரப்படுகிறது. இவ்விரண்டும் எஸ்.எம்.என்.2 இல் நிகழும் வெட்டுப் பிழையைத் திருத்தி, முழுப் புரதம் கூடுதலாக உருவாகச் செய்கின்றன. மூன்றாவது முறை, குறையுள்ள மரபணுவுக்கு ஈடாகப் புதிய படியை ஒரே முறை இரத்த நாளத்தில் செலுத்தும் மரபணு சிகிச்சையாகும். இவை நோய் முற்றுவதைத் தடுக்கும். இழந்த வலிமை முழுவதையும் மீட்பதில்லை.

இம்மருந்துகளின் விலை மிக அதிகம். ஒன்றிய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 இன்கீழ், உயர்சிறப்பு மையங்களில் பதிவு பெற்ற நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை உதவி வழங்க வழிவகை உள்ளது. நோய் உறுதியானவுடன் மருத்துவரின் பரிந்துரையோடு பதிவு செய்தல் வேண்டும்.

வீட்டுப் பராமரிப்பு

• தலையை உயர்த்திய நிலையில் சிறிது சிறிதாக உணவளிக்கவும். நீண்ட நேரம் பட்டினி இருக்க விடக் கூடாது.
• மூட்டுகள் இறுகாமலிருக்க, இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளை நாள்தோறும் செய்யவும்.
• தடுப்பூசிகளைத் தவற விடாதீர். மரபணு சிகிச்சை பெறும் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுப் போடவும்.
• சளியுடன் மூச்சுத் திணறல், உதடு நீலமாதல் தோன்றினால் உடனே 108 ஐ அழைக்கவும்.
• மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும்.

பெற்றோரின் ஐயங்கள்

தோல் பதனிடும் கழிவாலோ குடிநீராலோ இந்நோய் வருமா?
வராது. நீர் மாசினால் பிற உடல்நலக் கேடுகள் உண்டு, ஆனால் எஸ்.எம்.ஏ. மரபணு வழியே வருவது. தாய் உண்ட உணவோ செய்த வேலையோ காரணமன்று.

எங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் இல்லையே?
குறையுள்ள மரபணுவின் ஒரு படியை மட்டும் உடையவர் நலமாகவே இருப்பார். பெற்றோர் இருவரும் அத்தகையோராயின், ஒவ்வொரு கருவுறுதலிலும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் போன்ற உறவுமுறைத் திருமணங்களில் இருவரும் ஒரே குறையைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடும். ஆயினும் உறவு அல்லாத இணையருக்கும் இது வரக்கூடும்.

அடுத்த குழந்தைக்கு என்ன செய்வது?
கருவுறும் முன்பே மரபணு ஆலோசனை பெறுவது நன்று. கருவுற்ற 11 ஆவது வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்து அறியலாம். பெற்றோரின் உடன்பிறந்தோரும் பரிசோதனை செய்து கொள்ளலாம். இந்நோய்க்குத் தாயையோ தந்தையையோ பழிப்பதற்கு இடமில்லை; குறை இருவரிடமிருந்தும் சமமாக வருவது.