கே.பி. சுந்தராம்பாளின் மேடை ஆளுமை: ஸ்பெஷல் நாடகமும் வெண்ணிற ஆடையும்

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் (1908–1980) மேடை ஆளுமையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரது குரலை இறையருள் எனப் போற்றி அமைகின்றனர். அப்போற்றுதல், அவ்வாளுமையை உருவாக்கிய தொழிற்பயிற்சியையும் சமூக நெருக்கடியையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

சிறுமியாக நாடக மேடைக்கு வந்த அவரைப் பாடகியாக வளர்த்த களம் ஸ்பெஷல் நாடகம். அதில் நிலையான குழு இல்லை. கூட்டு ஒத்திகையும் இல்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் இரவில் மேடையேறி விடியும்வரை நடிப்பர். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் அனைவருக்கும் பொதுவான முதல். எஞ்சியதை மேடையிலேயே உருவாக்கிக்கொள்ள வேண்டும். 'வள்ளி திருமணம்' நாடகத்தின் தர்க்கப் பகுதியில், எதிரே நிற்பவர் பாடி முடித்தவுடன் வள்ளி தயக்கமின்றி விடையிறுத்தாக வேண்டும். எதிரே நின்றவர் எஸ்.ஜி. கிட்டப்பா எனில், உச்ச சுருதியிலும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் கடைசி வரிசையினர்க்கும் சொல் தெளிவாகச் சென்று சேரவேண்டும். மூச்சு, நிற்கும் முறை, சொல்லழுத்தம் ஆகிய மூன்றும் இத்தேவையிலிருந்தே அவருக்கு அமைந்தன எனக் கருதலாம்.

1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெண்ணிற ஆடையும் திருநீறும் அவரது நிலையான கோலமாயின. வள்ளியின் குறும்பும் காதலும் இனி அவருக்கு உரியனவாக இல்லை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் ஆண் வேடம் ஏற்றார். 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964) படத்தின் கவுந்தியடிகள் என அடுத்தடுத்து அமைந்தவையும் இல்லறத்திற்கு வெளியே நிற்கும் பாத்திரங்களே. மங்கல நிகழ்வுகளிலிருந்து கைம்பெண்ணை விலக்கிய ஆடை, மேடையில் துறவியின் ஆடையாக வணங்கப்பட்டது. இதனை அவரது சுதந்திரமான தேர்வு என்று மட்டும் கூற என்னால் இயலவில்லை. மனைவியை இழந்த ராஜபார்ட் நடிகரிடம் சமூகம் இத்தகைய கோலமாற்றத்தை எதிர்பார்த்ததில்லை.

ஆயினும் அக்குறுகிய வெளிக்குள் அவர் செய்தது நோக்கத்தக்கது. 'திருவிளையாடல்' (1965) படத்தில் அவர் பாடும் காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஒலிவாங்கியின் காலத்திலும் அவரது வாயசைவும் நிமிர்ந்த கழுத்தும் கொட்டகையின் கடைசி வரிசையை நோக்கியே இருந்தன. அருகில் நிற்கும் கேமராவுக்கு இத்துணை முயற்சி தேவையில்லை. பழைய பயிற்சி உடலில் தங்கியிருந்தது.

1969இல் வெளிவந்த 'துணைவன்' படத்திற்காக அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்படத்தில் அவர் திரையில் தோன்றியே பாடினார்.