எஃப்.எம்.மும் ஒன்றரை மீட்டர் வயரும்

போன மாதம் துவாரகாவில் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஆசை ஆசையாய் ஒரு ஹை-ஃபை செட் வாங்கி வைத்திருக்கிறான். சிடி போட்டால் தேன். எஃப்.எம். போட்டால் வெங்காயம் தாளிக்கிற சத்தம். "டெல்லியில சிக்னலே சரியில்லை அத்தான்" என்றான். செட் வந்த அட்டைப்பெட்டியைத் துழாவினேன். அடியில், பிரிக்காத பாலிதீன் கவருக்குள் டி எழுத்து வடிவில் ஒரு வயர் தூங்கிக்கொண்டிருந்தது. "பேக்கிங்னு நினைச்சேன்" என்றான்!

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தாத்தா வீட்டு வால்வு ரேடியோவுக்கு மொட்டை மாடியில் ஏரியல் கட்டியிருக்கும். பிறகு வந்த டிரான்சிஸ்டரில் மத்திய அலைக்கான ஆன்டெனா உள்ளேயே இருந்தது. பெட்டியைத் திருப்பி வைத்தால் போதும். ஏரியல் என்ற நினைப்பே நமக்கு விட்டுப்போனது அப்படித்தான். ஹை-ஃபை செட்டோ பெரும்பாலும் இரும்புப் பெட்டி. வயர் செருகாவிட்டால் அதற்குக் காது கிடையாது.

இந்த எஃப்.எம்.மின் கதையே இரைச்சலோடு ஒருவர் போட்ட சண்டைதான். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், அமெரிக்கப் பொறியாளர். மின்னல் வெட்டினால், மோட்டார் ஓடினால் பழைய ரேடியோ கரகரக்கும். காரணம், அதில் ஒலி அலையின் உயரத்தில் ஏற்றப்படுகிறது. இரைச்சலும் அதே உயரத்தைத்தான் கெடுக்கும். ஆர்ம்ஸ்ட்ராங் உயரத்தை விட்டுவிட்டு அதிர்வெண்ணில் ஒலியை ஏற்றினார். இதனால் லாபமில்லை என்று 1922-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தக் கணக்கு குறுகிய அலைவரிசைக்கு. இவர் அகலமான பாதை போட்டார். 1933-ல் காப்புரிமை கிடைத்தது.

1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூட்டத்தில் ரேடியோவை முடுக்கிக் காட்டினார். பல மைல் தள்ளி யாங்கர்ஸில் நண்பர் வீட்டிலிருந்து ஒலிபரப்பு. தம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், காகிதம் கசக்குகிற சத்தம்.  தண்ணீர் தண்ணீராகவே கேட்டது. அதுவரை ரேடியோவில் தண்ணீரும் காகிதமும் கரகரப்பும் ஒன்றுதான்.

அதற்கப்புறம் நடந்தது வயிற்றெரிச்சல். 1945-ல் அமெரிக்க அரசு எஃப்.எம்.மை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88-108க்குத் தூக்கிப் போட்டது. விற்றிருந்த பெட்டிகளெல்லாம் வீண். காப்புரிமைக்காக ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு 1948-ல் வழக்கு. பணமும் மனசும் தீர்ந்து, 1954 ஜனவரியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் விடவில்லை. கடைசி வழக்கு 1967-ல் அவர் பக்கம் முடிந்தது. (இந்தம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம்.)

இந்தியாவில் எஃப்.எம். முதலில் வந்தது எங்கே தெரியுமோ? நம்ம மெட்ராஸில், 1977 ஜூலை 23. டெல்லிக்காரர்களிடம் அவசியம் சொல்லுங்கள் :-) ஆனால் கேட்கப் பெட்டி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1993-ல் தனியாருக்கு நேரம் விற்றதும், 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் வந்ததும்தான் தெருவெல்லாம் எஃப்.எம். ஆக்கின.

வயருக்கு வருவோம். 100 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் பாதி ஒன்றரை. டி-யின் மேல்கோடு கிட்டத்தட்ட அந்த நீளம் இருப்பது அதனால்தான். சுருட்டி வைத்தால் பயனில்லை. இரண்டு கையையும் விரித்து, ஜன்னலோரம், இரும்பு பீரோவுக்குத் தள்ளி ஒட்டுங்கள். ஒலிபரப்புக் கோபுரத்துக்கு முகம் காட்டுவது போல் குறுக்காக இருக்க வேண்டும். அடுக்குமாடிகளில் ஒரே அலை நாலு சுவரில் மோதித் திரும்பிவந்து 'ஸ', 'ச' எல்லாம் சிதறும். வயரை ஓரடி நகர்த்தினாலே சரியாகிவிடலாம். அப்படியும் இரைச்சலா? மோனோ பொத்தானை அழுத்துங்கள். ஸ்டீரியோவுக்கு இன்னும் பலமான சிக்னல் வேண்டும். கடைசி வழி, பால்கனியில் ஆன்டெனா வைத்து டிவி கேபிள் மாதிரி வயரில் இறக்குவது.

மச்சினன் வீட்டில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒட்டினேன். தாளிப்பு நின்றது. சோபாவில் இருந்த மாமியார் கேட்டார்: "இதுல நம்ம ஊரு வருமா மாப்பிள்ளை?"

சங்கடமாகிவிட்டது. திருநெல்வேலியில் அவர் கடல் தாண்டி இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். டெல்லியில் உட்கார்ந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த செய்தியை அங்கே கேட்டவர். அந்தப் பழைய அலைகள், கரகரப்போடுதான், இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி எங்கெங்கோ போய் விழும். ஆர்ம்ஸ்ட்ராங்கின் அகலப் பாதைக்கு மேலே உள்ள அதிர்வெண்களில்தான் இடமிருந்தது. அவை வானத்தில் பட்டுத் திரும்பாமல் நேரே போய்விடும். எத்தனை ஆன்டெனா கட்டினாலும் சில பத்து மைல்தான். சத்தம் சுத்தமாக வேண்டுமென்றால் தூரத்தை விட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்ல? "வராதும்மா" என்றேன். "சத்தம் மட்டும் ஜோரா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து கைபேசியில் சென்னை வானொலி, தகரக் குரலில். அதை ஹை-ஃபையில் சேர்க்க ஒரு வயர் போதுமே என்று மச்சினனும் நானும் கடைக்குக் கிளம்பினோம்.