அளக்கும் படியை அளத்தல்

அரபு மொழியில் குடும்பத்தைக் குறிக்க இரு சொற்கள் பெருவழக்காய் உள்ளன. ஒன்று 'உஸ்ரா', இதற்கு உறுதியான கவசம் என்றும் பழைய அகராதிகள் பொருள் தருகின்றன. மற்றொன்று 'ஆயிலா', பேணிப் புரத்தல் என்னும் கருத்துடைய வேரினின்று பிறந்தது. காவலும் பேணலும் இச்சொற்களில் அடங்கியுள்ளன. இத்தகைய குடும்பம் செவ்வனே நடைபெறுகின்றதா என்பதை ஒரு வினாத்தாள் கொண்டு அளந்தறியக் கூடுமா?

கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நாதன் எப்ஸ்டைனும் அவர்தம் தோழர்களும் குடும்ப இயக்கம் பற்றி ஒரு கோட்பாட்டை வளர்த்தனர். அதன்வழி 1983 இல் ஒரு வினாத்தாள் வெளிவந்தது. சிக்கல் தீர்த்தல், கருத்துப் பரிமாற்றம், கடமைப் பங்கீடு, உணர்வு வெளிப்பாடு, ஒருவர்பால் ஒருவர் கொள்ளும் ஈடுபாடு, நடத்தைக் கட்டுப்பாடு என ஆறு துறைகளையும், அவற்றோடு பொது இயக்கத்தையும் அது அளந்தது. பின்னர் 60 கூற்றுகளாக விரிந்து, பல மொழிகளுக்கும் சென்றது.

இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகின்றது. அக்கோட்பாடு அளவு கடந்த ஈடுபாட்டையும் குறையாகவே கணிக்கின்றது. மகனின் தொழிலிலும் மகளின் திருமணத்திலும் பாட்டனாரும் சிறிய தந்தையும் கருத்துரைக்கும் அரபு இல்லத்தில், அது தலையீடா, பாசமா? சொற்களை மட்டும் பெயர்த்துவிட்டு மதிப்பெண்ணை அவ்வாறே கொண்டால், நலமுள்ள இல்லமும் நோயுற்றதெனத் தீர்ப்புப் பெறும். வீட்டின் குறையைப் பிறர்முன் மறைத்தலே பண்பெனக் கருதுவோர் தரும் விடைகளால், நோயுற்ற இல்லம் நலமுள்ளதாகத் தோன்றுதலும் கூடும்.

மொழிபெயர்ப்பின் இச்சிக்கலை அரபுலகம் முன்னரே அறிந்திருந்தது. பக்தாதில் பணியாற்றிய கிறிஸ்தவ மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873), ஜாலினூஸின் நூல்களைப் பெயர்க்கும்போது பல ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பாடத்தைத் திருத்திய பின்னரே பணியைத் தொடர்ந்தார். சொல்லுக்குச் சொல் வையாமல், வாக்கியத்தின் கருத்தை உணர்ந்து எழுதுவதே அவர் முறை எனப் பிற்கால அறிஞர் சபதீ குறிப்பிடுகின்றார்.

இக்காலத்து அறிஞர்களோ மேலும் ஒரு படி செல்கின்றனர். அரபியில் பெயர்த்ததை, மூலத்தைக் காணாத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவார். இம்முறையை 1970 இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விளக்கி எழுதினார். அதன்பின் அரபு பேசும் வயதுவந்தோர் பலரிடம் தாளைக் கொடுத்துச் சோதிப்பர். ஒரு துறைக்குரிய கூற்றுகள் தம்முள் இணங்குகின்றனவா? சில வாரங்கள் கழித்துக் கேட்டாலும் விடை நிலைக்கின்றதா? ஆடவரும் பெண்டிரும் ஒரே பொருளில் கொள்கின்றனரா? எழுத்தரபியில் அமைந்த வினா, மொராக்கோவிலும் ஈராக்கிலும் வீட்டுப் பேச்சில் வாழ்வோர்க்கு ஒன்றுபோல் விளங்குகின்றதா? இவற்றுக்கெல்லாம் விடை காண வேண்டும்.

இச்சோதனை வீண் பணியன்று. 2006 இல் மர்வான் துவைரியும் மற்றோர் ஆய்வாளரும் எகிப்திய இளையோரிடம் நடத்திய ஆய்வில், பெற்றோரின் கண்டிப்பான அதிகாரப் போக்கு மனநலக் குறைவோடு தொடர்புறவில்லை எனக் கண்டனர். மேலைநாட்டில் தீங்கெனக் கொள்ளப்படுவது எங்கும் அவ்வாறே அமையாது என்பதற்கு இது சான்று. அதே வேளை, 'எங்கள் வழக்கம்' என்னும் திரைக்குள் உண்மைக் கொடுமை ஒளிந்துகொள்ளவும் நாம் இடந்தரலாகாது. தம் வீட்டில் துன்புறும் ஒருத்தியின் குரலும், குறையின்றி வாழும் குடும்பத்தின் மானமும் ஆகிய இரண்டும் அத்தாளின் நேர்மையை நம்பியிருக்கின்றன. நெல்லை அளக்குமுன் படியைச் சரிபார்ப்பது வணிகர் அறம். இல்லங்களை அளக்க வருவோர்க்கும் அவ்வறம் உரியதே.