கோட்டுகாலில் ஒரு 'கொடு'

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞத்துக்கும் பாலராமபுரத்துக்கும் அண்மையில் உள்ள கோட்டுகாலின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'கோடு' இரட்டித்துக் 'கோட்டு' ஆக, தமிழ்ப் புணர்ச்சி கேட்கும் வல்லெழுத்து மிகாமலே அதன்மேல் 'கால்' வந்து ஊன்றுகிறது. கோடு என்றால் வளைவு. வளைந்திருப்பதால் விலங்கின் கொம்பும் கோடு, சங்கும் கோடு. மலைமுகடும் குளக்கரையும் அப்பெயரையே பெற்றன. விளவங்கோடும் திருவிதாங்கோடும் அதே சொல்லைத் தாங்கிய அண்டை ஊர்கள். காலோ தூணாக நிற்கும், வாய்க்காலாக ஓடும், காற்றாக வீசும். கரையோரக் காலா, வளைந்த காலா என்று பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், அத்தீர்ப்பே கோடிவிடும்.

இந்தக் கோட்டின் குறில் வடிவம் 'கொடு'. கொடுவாளிலும் கொடுங்கோலிலும் அந்த வளைவைக் காணலாம். ஆனால் அதே ஒலியில், வேறு பொருளில், நாள்முழுதும் நம் கையிலும் வாயிலும் புழங்கும் இன்னொரு கொடு உண்டு. அதற்குத் 'தா' என்றொரு இணை. இவ்விரண்டில் எதை எங்கே சொல்வது?

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதற்கு வரம்பு கட்டினார்: தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. எச்சவியலிலோ, இரப்பவன் தாழ்ந்தவனாயின் 'ஈ', ஒத்தவனாயின் 'தா', உயர்ந்தவனாயின் 'கொடு' என்றார். உயர்ந்தவன் தனக்கே கேட்கும்போது படர்க்கைக்குரிய சொல் எப்படிப் பொருந்தும்? தன்னைப் பிறன்போல் வைத்துப் பேசுகிறான் என்று அதற்கும் விடை வைத்தார். எத்தனை நுட்பமான காது!

இன்றைய தமிழில் அவ்வரம்பு நெகிழ்ந்துவிட்டது. 'எனக்குக் கொடு' என்கிறோம், 'அவனுக்குத் தந்தேன்' என்றும் எழுதுகிறோம். மலையாளமோ அதை விடவில்லை. அங்கே எனக்கும் உனக்கும் தருவது, அவனுக்குக் கொடுப்பது. இரு மொழியும் கலந்து புழங்கும் இந்த எல்லைப்புறத்தில் ஒரு வீட்டுத் திண்ணையை மனத்தில் கொண்டுவாருங்கள். "மக்களே, அந்தக் கிண்டிய இங்க தா, இந்தப் பழத்த அப்பூப்பனுக்குக் கொடு" என்று பாட்டி ஏவ, பேத்தி தடுமாறாமல் பாட்டியிடமும் தாத்தாவிடமுமாக இரு திசைக்கும் ஓடுகிறாள். தொல்காப்பியத்தின் பெயரைக்கூட அவள் கேட்டிருக்க மாட்டாள்.

அதே பேத்தி ஆங்கிலப் பாடத்தில் 'பிரிங்', 'டேக்' இரண்டுக்கும் நடுவே திகைக்கிறாள். அகராதி 'டேக்' என்பதற்கு 'எடு' என்று பொருள் சொல்லி நிறுத்திவிடுவதால் வரும் திகைப்பு அது. எடுத்த பொருள் எத்திசையில் போகிறது என்பதே அங்கே வினா: நம்மை நோக்கி வந்தால் பிரிங், அகன்றால் டேக், போய்த் திரும்பிக் கொண்டுவந்தால் ஃபெட்ச். ஆங்கிலத்தில் கேட்பவரிடம் போவதும் 'கம்' தான். 'நாளை உன் வீட்டுக்கு வருகிறேன்' என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? தன்மையையும் முன்னிலையையும் ஒரே பக்கத்தில் நிறுத்தும் அந்தப் பழைய பகுப்பு அங்கேயும் எட்டிப் பார்க்கிறது. 'கிவ்' மட்டும் திசை பாராமல் எல்லோர்க்கும் ஒன்றாகவே கிடக்கிறது.

ஆகவே, ஒத்த வினைகளுள் ஒன்றைத் தேர்வது, செய்யும் செயலை மட்டும் பார்த்து முடிவதில்லை. பேசுபவர் எங்கே நிற்கிறார், பொருள் யாரிடம் சேர்கிறது என்றும் பார்க்கவேண்டும். பேத்திக்கு இலக்கணப் பட்டியல் வேண்டாம். 'பாட்டி தா என்றால் பிரிங், அப்பூப்பனுக்குக் கொடு என்றால் டேக்' என்று சொல்லிப் பாருங்கள். கிண்டி ஒரு பக்கமும் பழம் மறுபக்கமும் தாமே போய்ச் சேரும்.